வெள்ளத்துக்கு இடம் விட்டவர்

கடந்த பருவத்தில் நீரியல் பாடத்தின் முதல் வகுப்பு. விரிவுரையாளர் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். உயரமான புல், நடுவே வளைந்து செல்லும் நீர், தூரத்தில் கல்லால் கட்டிய பாலம். இது என்ன இடம் என்று எங்களைக் கேட்டார். ஆறு என்றார் ஒருவர். பறவைகள் சரணாலயம் என்றார் இன்னொருவர். நான் கழிமுகம் என்று நினைத்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. நீங்கள் பார்ப்பது ஒரு வெள்ளநீர்த் தொட்டி என்று அவர் சொன்னதும் வகுப்பில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அந்த இடத்தின் பெயர் பேக் பே ஃபென்ஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கிறது. 1880களில் தோண்டி, மண் கொட்டி, புல் நட்டு உருவாக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய இருவரில் ஒருவராக அவரைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். மழைநீரைக் குழாயிலும் சிமெண்டுக் கால்வாயிலும் அடைத்துக் கடலுக்குத் துரத்துவதற்குப் பதிலாக, மண்ணையும் செடியையும் கொண்டு அதை நிதானப்படுத்தும் முறைக்கு இன்று பசுமை உள்கட்டமைப்பு என்று பெயர். எங்கள் பாடத்திட்டத்தில் அது அண்மைக்கால முறையாகத்தான் இடம்பெறுகிறது. ஓம்ஸ்டெட் அதைச் செய்து முடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பொறியியல் படித்தவரும் அல்லர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெறாதவர்.

1822 ஏப்ரல் 26ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜான் வசதியான துணி வணிகர். நான்கு வயது நிறைவதற்குள் ஓம்ஸ்டெட் தாயை இழந்தார். அதன்பின் கிராமப்புறங்களில் பாதிரியார்கள் நடத்திய பள்ளிகளுக்கு ஒன்று மாற்றி ஒன்றாக அனுப்பப்பட்டார். அங்கே பாடம் படித்ததைவிடக் காட்டிலும் ஓடையோரத்திலும் அலைந்த நேரமே அதிகம். விடுமுறை வந்தால் தந்தை குடும்பத்தைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி பார்க்கக் கிளம்பிவிடுவார். அதிகம் பேசாத அந்தத் தந்தை, நல்ல நிலக்காட்சி கண்ணில் பட்டால் வண்டியை மெதுவாக ஓட்டுவாராம். மகனுக்கு முறையாகக் கிடைத்த ஒரே வடிவமைப்புக் கல்வி அதுதான் என்று சொல்லலாம்.

பதின்ம வயதில் ஒரு நச்சுச் செடியின் சாறு பட்டு அவரது கண் பாதிக்கப்பட்டது. கண்ணுக்கு ஓய்வு தேவை என்றார்கள் மருத்துவர்கள். யேல் கல்லூரியில் சேரும் திட்டம் நின்றுபோனது. தம்பி ஜான் பின்னர் அங்கே சேர்ந்தார். அண்ணன் எப்போதாவது போய் அறிவியல் விரிவுரைகளைக் கேட்டுவிட்டு வருவார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளைப் படித்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தலைசுற்றும். நியூயார்க்கில் பட்டு இறக்குமதி நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார், பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். 1843ல் ரொனால்ட்சன் என்ற கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து சீனாவுக்குப் போனார், நோயாளியாகத் திரும்பினார். பிறகு விவசாயம் செய்யப்போவதாகச் சொன்னார். தந்தை மறுக்காமல் பணம் கொடுத்தார். முதல் பண்ணை சரிப்படவில்லை. 1848ல் நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில் இன்னொரு பண்ணை வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பண்ணையில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஓர் அழுக்குக் குட்டை இருந்தது. வண்டி கழுவுவது அதில்தான். சுற்றிலும் தொழுவங்கள், சேறு. ஓம்ஸ்டெட் தொழுவங்களை மேட்டுக்குப் பின்புறம் மாற்றினார். வண்டிப்பாதையை வளைத்துவிட்டார். குட்டையின் கரையைச் சரித்து, விளிம்பில் புல்லும் நீர்ச்செடிகளும் வைத்தார். வயலில் தேங்கும் நீரை நிலத்தடியில் சுடுமண் குழாய்கள் பதித்து வடிக்கும் முறையிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போக விரும்புகிறது என்று பார்க்க ஒரு விவசாயிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

1850ல் தம்பியோடும் ஒரு நண்பரோடும் இங்கிலாந்துக்குப் போய் நடந்தே ஊர்களைச் சுற்றினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்க்கன்ஹெட் என்ற ஊரில் ஒரு பூங்கா. ஜோசஃப் பாக்ஸ்டன் வடிவமைத்து, 1847ல் திறக்கப்பட்டது. களிமண் சதுப்பாகக் கிடந்த நிலத்தை வடித்து, தோண்டிய மண்ணில் மேடுகளும் பள்ளத்தில் ஏரிகளும் அமைத்திருந்தார்கள். ஓம்ஸ்டெட்டை அசத்தியது அழகு மட்டுமில்லை. அந்தப் பூங்காவுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான். ஏழைத் தொழிலாளியும் பணக்காரரும் ஒரே பாதையில் நடந்ததை அவர் பார்த்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1852ல் ஒரு நூல் எழுதினார்.

எழுத்தாளர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நியூயார்க்கின் ஒரு நாளிதழ் அவரை அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களுக்கு அனுப்பியது. 1852 முதல் 1854 வரை பெரும்பாலும் குதிரையில் அலைந்து, பருத்தித் தோட்டங்களின் கணக்கு வழக்குகளிலிருந்து அடிமைகளின் வாழ்நிலை வரை விரிவாக எழுதினார். அடிமைமுறை மனிதர்களைச் சிதைப்பதோடு நிலத்தையும் நாசமாக்குகிறது என்பது அவரது முடிவு. வரலாற்று மாணவர்கள் அந்த நூல்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நம் கதைக்கு இங்கே அவசரம் என்பதால் தாண்டிச் செல்கிறேன்.

1857ல் அவருக்கு 35 வயது. பங்குதாரராக இருந்த பதிப்பகம் திவாலானது. கையில் கடன். தம்பி ஜான் காசநோயால் ஐரோப்பாவில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அப்போது கடற்கரை விடுதி ஒன்றில் தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலம், நியூயார்க்கில் அமையவிருந்த சென்ட்ரல் பார்க்குக்கு மேற்பார்வையாளர் தேவை என்று தெரியவந்தது. எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் உட்படப் பலரிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கி விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தம்பி இறந்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பியின் மனைவி மேரியை மணந்து, அவரது மூன்று பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்.

பூங்காவை வடிவமைக்கப் போட்டி அறிவிக்கப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸ் அவரைக் கூட்டுச் சேர அழைத்தார். 1858ல் இருவரின் வரைபடம் வென்றது. நிலமோ பாறையும் சதுப்பும். ஜார்ஜ் வேரிங் என்ற இளம் வேளாண் பொறியாளரின் பொறுப்பில், பல மைல் நீளத்துக்கு நிலத்தடியில் சுடுமண் வடிகால் குழாய்கள் பதிக்கப்பட்டன. சதுப்பு இருந்த பள்ளத்தில் ஏரி வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, உறைந்த ஏரியின் மீது மக்கள் சறுக்கி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். இன்று அந்தப் பூங்காவில் இயற்கையாகத் தோன்றும் ஏரிகள் எல்லாமே மனிதர் அமைத்தவை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பூங்காவுக்காக நகரம் எடுத்துக்கொண்ட நிலத்தில் செனிகா கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. சுமார் 225 பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அவர்களில் பலர் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். 1857ல் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அந்த முடிவு ஓம்ஸ்டெட் எடுத்ததன்று. ஆனாலும் எல்லாருக்கும் பொதுவான பூங்கா என்று அவரைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1860ல் குதிரை வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு நொறுங்கியது. ஆயுள் முழுவதும் நொண்டி நடந்தார். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதும், படைவீரர்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆணையத்தின் செயலாளரானார். முகாம்களில் குண்டைவிட அழுக்கு நீரும் கழிவும் அதிகப் பேரைக் கொன்றதை அங்கே கண்டார். முகாமை எங்கே அமைப்பது, நீர் எப்படி வடிய வேண்டும், கழிவிடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் அன்றாடக் கவலை. போருக்குப் பின் வாக்ஸோடு மீண்டும் சேர்ந்து புருக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க், சிகாகோவுக்கு வெளியே ரிவர்சைட் என்ற புறநகர் எனப் பல வேலைகள் செய்தார். ரிவர்சைடில் ஆற்றங்கரை நிலத்தை வீட்டு மனையாக்காமல் பொது நிலமாக விட்டுவைத்தார்.

நியூயார்க்கில் அரசியல்வாதிகளோடு ஓயாத சண்டை. தூக்கம் வராத நோய், மனச்சோர்வு. 1878 தொடக்கத்தில் பூங்காத் துறை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அப்போது அவருக்கு 55 வயது. அதே ஆண்டுதான் பாஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது.

பாஸ்டனின் சிக்கல் என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். பேக் பே என்பது சார்ல்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த பரந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. கடல் ஏறினால் நீர் நிரம்பும். வற்றினால் சேறு தெரியும். 1821ல் அதன் குறுக்கே ஆலைகளுக்காக ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பிறகு ரயில் பாதைகள் போடப்பட்டன. நீரோட்டம் முடங்கியது. நகரின் கழிவு அதில்தான் வந்து விழுந்தது. 1850களின் பிற்பகுதியிலிருந்து ரயில் ரயிலாகச் சரளை மண் கொண்டுவந்து பேக் பேயைத் தூர்த்து வீடுகள் கட்டினார்கள். தூர்க்கத் தூர்க்க எஞ்சிய பகுதியின் நாற்றம் அதிகமானது.

அந்த எஞ்சிய பகுதிக்குள்தான் இரண்டு ஓடைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, பெயரிலேயே சேற்றைச் சுமக்கும் மடி ரிவர். இன்னொன்று ஸ்டோனி புரூக். மழை வந்தால் மேட்டுப் பகுதிகளின் நீரெல்லாம் இவற்றின் வழியே இறங்கும். வெள்ளம் வரும் நேரமும் கடல் ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் நீர் வெளியேற வழியே இல்லை. முன்பு பரந்த பேக் பே அந்த வெள்ளத்தைத் தாங்கிக்கொண்டது. இப்போது அங்கே வீடுகள் நின்றன.

நகரப் பூங்கா ஆணையம் அந்த இடத்தில் சுமார் நூறு ஏக்கர் வாங்கி, 1878ல் பூங்கா வடிவமைப்புப் போட்டி நடத்தியது. நடுவராக இருக்க அழைத்தபோது ஓம்ஸ்டெட் மறுத்துவிட்டார். பரிசு ஒரு தோட்டக்கலைஞருக்குக் கிடைத்தது, வரைபடம் கட்டப்படவில்லை. நீர் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆணையம் மீண்டும் ஓம்ஸ்டெட்டிடமே வந்தது.

வந்தவர் முதலில் செடிகளைப் பற்றிப் பேசவில்லை. நகரப் பொறியாளர் ஜோசஃப் டேவிஸைச் சந்தித்தார். டேவிஸ் அப்போது பாஸ்டனுக்குப் புதிய கழிவுநீர்க் கட்டமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார். பேக் பேக்கு அவர் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது: உயர்ந்த கற்சுவர்களால் சூழப்பட்ட ஒரு பெரிய தொட்டி. கடல் ஏறும்போது மதகுகளை மூடிவிட்டால் வெள்ளம் சில மணி நேரம் தொட்டிக்குள் நிற்கும். கடல் இறங்கியதும் திறந்துவிடலாம். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் நகரின் நடுவில் ஒரு பெரிய கல் குழி என்றென்றும் இருக்கும்.

ஓம்ஸ்டெட் டேவிஸின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு சுவரை மட்டும் எடுத்துவிட்டார். எனக்கு இந்த இடம்தான் இந்த வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்தது. தொட்டியின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் உள்ளே வரும் நீர் உயர்ந்துகொண்டே போகும். பக்கங்களை நீளமாகச் சரித்துவிட்டால் அதே நீர் பக்கவாட்டில் பரவும். மட்டம் கொஞ்சமே ஏறும். அந்தச் சரிவில் என்ன வளரும்? உப்பு நீரும் ஏற்ற இறக்கமும் பழகிய புல் வளரும். நியூ இங்கிலாந்துக் கடலோரத்தில் மனிதர் வருவதற்கு முன்பே இருந்த உவர்ச் சதுப்பு அப்படிப்பட்டதுதானே. திறந்த நீர்ப்பரப்பில் காற்று அடித்தால் அலை எழும்பிக் கரையை அரிக்கும். ஆகவே நீர்வழியைக் குறுகலாகவும் வளைவாகவும் வைத்தார். புல் அலையைத் தணித்துக் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

இன்று நாங்கள் வகுப்பில் ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் ஓர் எண் கொடுத்து, பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடுகிறோம். தார்ச்சாலைக்கு அந்த எண் ஒன்றை நெருங்கும். புல்வெளிக்கு அதில் சிறு பங்குதான். அந்தச் சூத்திரமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கணக்குக்கு டேவிஸ் இருந்தார்.

புல்லால் மட்டும் எல்லாம் நடந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். பெருங்குழாய்களும் அதே திட்டத்தின் பாதி. கழிவுநீர் தனிக் குழாயில் திருப்பப்பட்டது. இரண்டு ஓடைகளின் அன்றாட நீரும் நிலத்தடி வழியாக நேரே சார்ல்ஸ் ஆற்றுக்குப் போனது. வெள்ளம் வந்தால் மட்டும் மிகுதி நீர் சதுப்புக்குள் திரும்பும். மதகு இல்லத்தையும் பாய்ல்ஸ்டன் தெருப் பாலத்தையும் வடிவமைத்தவர் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன், ஓம்ஸ்டெட்டின் நண்பர். என் விரிவுரையாளர் காட்டிய படத்தில் தூரத்தில் தெரிந்தது அந்தப் பாலம்தான்.

வேலை பத்து ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. சேற்றைத் தோண்டி எடுத்து, சரளை கொட்டி, கரை அமைத்தார்கள். உப்பு நீர், எப்போதாவது நன்னீர் வெள்ளம், கடும் குளிர் ஆகிய மூன்றையும் தாங்கும் செடிகளைக் கண்டுபிடிப்பது எளிதாக இருக்கவில்லை. மக்கள் பலருக்கும் இது புரியவில்லை. பூங்கா என்று காசு செலவழித்துச் சதுப்பைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பார்கள். இதைப் பூங்கா என்று அழைப்பதே தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும் என்பது ஓம்ஸ்டெட்டின் கவலை. கடைசியில் ஃபென்ஸ் என்ற பெயர் நிலைத்தது. சதுப்பு என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல் அது. பேஸ்பால் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி: ஃபென்வே பார்க் அரங்கின் பெயர் இந்தச் சதுப்பிலிருந்து வந்ததுதான்.

ஃபென்ஸ் ஒரு தொடக்கம். மேலே போய் மடி ரிவரையும் சீராக்கினார். பாஸ்டனுக்கும் பக்கத்து ஊரான புருக்லைனுக்கும் எல்லையாக ஓடிய அந்த அழுக்கு ஓடை, 1890களின் நடுப்பகுதிக்குள் மரங்கள் அடர்ந்த கரையோடு வளைந்து செல்லும் நீர்வழியானது. பார்ப்பவர்கள் தொன்றுதொட்டு அப்படியே ஓடிவந்த ஆறு என்றே நினைப்பார்கள். அங்கிருந்து ஜமைக்கா குளம், அர்னால்ட் மரத்தோட்டம், பிராங்க்ளின் பூங்கா என்று பச்சை நிலம் தொடர்ந்தது. பாஸ்டன் மக்கள் அதை மரகத மாலை என்று அழைக்கிறார்கள். இந்த வேலைகளுக்காகவே ஓம்ஸ்டெட் குடும்பத்தோடு புருக்லைனுக்குக் குடிபெயர்ந்தார். 1883ல் அங்கே ஒரு பழைய பண்ணைவீட்டை வாங்கி, அதிலேயே அலுவலகமும் வைத்தார். வளர்ப்பு மகன் ஜான் சார்ல்ஸ் பங்குதாரரானார்.

1893ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு, ஏரிக்கரைச் சதுப்பை உப்பங்கழிகளாக மாற்றிக் கொடுத்தார். அதே ஆண்டு ஹார்வர்டும் யேலும் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கின. கண் கெட்டதால் போக முடியாமற்போன அதே யேல்.

அதற்குள் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. பேசியதை மறந்தார், கொடுத்த குறிப்பையே மாற்றிக் கொடுத்தார். 1895ல் தொழிலிலிருந்து விலகினார். 1898ல் பாஸ்டனுக்கு வெளியே இருந்த மெக்லின் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மருத்துவமனையின் வளாகத்துக்கு இடம் தேர்ந்தெடுக்க ஒரு காலத்தில் ஆலோசனை சொன்னவர் அவரே. 1903 ஆகஸ்ட் 28ஆம் தேதி அங்கேயே காலமானார்.

வாழ்க்கை வரலாறு இங்கே முடிய வேண்டும். ஆனால் ஃபென்ஸின் கதை அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.

1910ல் சார்ல்ஸ் ஆற்றின் வாயில் அணை கட்டப்பட்டது. கடல்நீர் உள்ளே வருவது நின்றது. நீர் நன்னீரானது, நம் மரீனா அணைக்கட்டுக்குப் பின்னால் 2008க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். நகரத்துக்கு அது நல்லது. ஆனால் உப்பை நம்பி வாழ்ந்த புல்லுக்கு வேலை போயிற்று. சுரங்க ரயில் பாதை தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து சதுப்பின் மீது கொட்டினார்கள். ஓம்ஸ்டெட் அலுவலகத்தில் ஒரு காலத்தில் பணியாற்றிய ஆர்தர் ஷர்க்லிஃப், அதைப் புல்வெளியும் விளையாட்டுத் திடலும் ரோஜாத் தோட்டமுமாக மாற்றி அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது மக்கள் காய்கறி பயிரிட 1942ல் பாத்திகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அந்தத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. இவை எவையும் கெட்ட எண்ணத்தில் செய்தவை அல்ல. ரோஜாத் தோட்டத்தை யார் குறை சொல்வார்கள்?

ஆனால் 1950களில் ஃபென்ஸுக்கும் மடி ரிவருக்கும் இடைப்பட்ட பகுதியில் ஆற்றையே குழாய்க்குள் தள்ளி, மேலே மண் மூடி, பெரிய கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடமாக்கினார்கள். எஞ்சிய நீர்வழியில் வண்டல் சேர்ந்தது. அயல்நாட்டு நாணல் மண்டியது. இது ஒரு வெள்ளநீர்த் தொட்டி என்பதை நகரம் மறந்துவிட்டது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பும் அந்தப் படத்தைப் பார்த்து ஆறு என்றும் சரணாலயம் என்றும்தானே சொன்னது. கற்சுவர்த் தொட்டியாகவே டேவிஸ் கட்டியிருந்தால், அது எதற்காக இருக்கிறது என்று யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓம்ஸ்டெட்டின் வேலை அவ்வளவு நன்றாக இருந்ததே அதற்கு வினையாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

1996 அக்டோபரில் பாஸ்டனில் பெருமழை கொட்டியது. குழாய்க்குள் அடங்காத மடி ரிவர் மேலே ஏறி, தெருக்களைக் கடந்து, கென்மோர் சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கியது. தண்டவாளமும் நடைமேடையும் மூழ்கின. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் சேதம்.

அதன்பின் பல ஆண்டுகள் திட்டம், நிதி, விவாதம். அதற்குள் சிங்கப்பூரில் காலாங் ஆற்றின் ஒரு பகுதியில் இதே போன்ற வேலை முடிந்துவிட்டது. பிஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஓடிய சிமெண்டுக் கால்வாயை உடைத்து, சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்த ஆறாக 2012ல் திறந்தார்கள். கரைகள் சரிவானவை, கனமழை பெய்தால் நீர் ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குப் பரவ இடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நான் அங்கே ஓடப் போவதுண்டு. நீர் மட்டம் ஏறினால் ஒலிக்கும் எச்சரிக்கை ஒலியும் சுழலும் விளக்கும் இருப்பதை அந்த வகுப்புக்குப் பிறகுதான் கவனித்தேன். மூன்று ஆண்டுகளாக அவற்றைக் கடந்துதான் ஓடியிருக்கிறேன்.

பாஸ்டனில் 2013ல் வேலை தொடங்கியது. வாகன நிறுத்துமிடத்தைத் தோண்டி, குழாய்க்குள் கிடந்த ஆற்றை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரையைச் சரித்து, மரமும் செடியும் நட்டார்கள். முதல் கட்டம் 2016ல் முடிந்தது. அடுத்த கட்டத்தில் வண்டலையும் அயல்நாட்டு நாணலையும் அகற்றினார்கள். 1950களில் கார்கள் நின்ற இடத்தில் இப்போது மடி ரிவர் திறந்தவெளியில் ஓடி ஃபென்ஸுக்குள் நுழைகிறது.